ஒரு வீட்டுக்கு ஒரு நாய்

மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றே நாளை ஓட்டிய காலம் அது. பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசை, அரிசிக்குக் கூப்பன், காய்ந்த மிளகாய் கண்ணில் பட்டால் அன்றைக்குத் திருநாள். குவாட்டர்ஸுக்குப் பின்சரிவில் நானே மம்பட்டி பிடித்துக் கொத்தி நட்ட மரவள்ளி நன்றாகக் கிழங்கு வைத்து நின்றபோது காட்டுப் பன்றிகள் வந்து கிளறிப் போட்டுவிட்டுப் போயின. தின்றதை மன்னிக்கலாம். தின்னாமல் சும்மா புரட்டிப் போட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு வந்த கோபத்தில் ஒரு பன்றி கையில் சிக்கியிருந்தால் நானே கடித்திருப்பேன்.

என் கணவர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். அமைதியான மனிதர். எதைச் சொன்னாலும் "பாப்போம்" என்பார். கூரை பறந்தாலும் "பாப்போம்"தான். நான் அதற்கு நேர்மாறு. சோறு வேகும் நேரம்கூட அடுப்படியில் நிற்கமாட்டேன். முற்றத்துக்குப் போவேன், வேலியை ஆட்டிப் பார்ப்பேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். பண்டாரவளையிலிருந்து மேலே ஏறி வரும் காற்று நேராக எங்கள் வீட்டில்தான் வந்து முட்டும். தகரக் கூரை நாள் முழுக்கப் படபடத்துக்கொண்டிருக்கும், கூடவே நானும். அந்த வருடங்களில் எதற்காகவோ காத்துக்கொண்டிருப்பதைப் போலவே இருந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"காலில சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று என் அக்கா சொல்வாள். அம்மா செத்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அக்காதான் வளர்த்தாள். தான் கொழுந்து பறித்து என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். விளையாட்டுக்குக்கூட நான் கொழுந்துக் கூடையைத் தூக்கினால் கையிலேயே ஒன்று போடுவாள். நான் கிளாக்கரைக் கட்டிக்கொண்டு மேட்டில் இருந்த குவாட்டர்ஸுக்கு வந்த பிறகும், அவள் அதே தோட்டத்தில், கீழே ஆற்றோரத்தில் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில், கடைசி ஒற்றையறைக் காம்பராவில் இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அவளும் ஒரு நாயும்தான்.

லயத்து ஆட்கள் குவாட்டர்ஸ் முன்வாசலில் ஏறுவது வழக்கமில்லை. என் கணவரும் லயத்தில் பிறந்தவர்தான், என்ன, வேறு தோட்டத்து லயம். அவர் ஒருநாளும் அக்காவைத் தடுத்ததில்லை. அவளேதான் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்கு வருவாள். அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடச் சொன்னால், "வாயில வர்றதில்லடி" என்று சிரித்துவிட்டு "கிளாக்கரய்யா" என்பாள். என்னை மட்டும் யார் முன்னால் என்றாலும் 'டி' போட்டுத்தான் பேசுவாள். கணக்கப்பிள்ளையின் பெண்டாட்டி வந்து உட்கார்ந்திருக்கும்போதே, "என்னடி, தலை ஏன் இப்படிப் பரட்டையாக் கெடக்கு?" என்று கேட்டுவிடுவாள். அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கும். எனக்கு அது பிடிக்கும்.

பன்றி வந்து போன அன்று, நாய் ஒன்று வேண்டும் என்று நான் சொன்னதும் என் கணவர் ஆச்சரியமாக "பாப்போம்" என்று சொல்லவில்லை.

"வளக்குறதுன்னா சாதி நாயா வளக்கணும். அல்சேஷன்" என்றார்.

"அல்சேஷன் பன்னிய வெரட்டுமா?"

"சாதி நாயி நிக்கிற வீட்டுப் பக்கம் பன்னியே வராது."

பன்றிக்குச் சாதி பார்க்கத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பங்களாவில் பழைய வெள்ளைக்காரத் துரை வைத்திருந்தது அல்சேஷன். ஆபீசுக்குப் போகும்போது அது ஜீப்பில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவதை இவர் எத்தனை வருடம் ஓரமாக நின்று பார்த்தாரோ. தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு அந்தத் துரை கப்பலேறிவிட்டார். கொழும்பிலிருந்து ஒரு வாலிபத் துரை வந்திருந்தார். நாய் ஆசை மட்டும் இவர் மனசில் தங்கிவிட்டது. மனிதரிடம் இருந்த ஒரே ஆடம்பர ஆசை அதுதான். நான் அதற்கு மேல் வாதாடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போனோம். ஸ்டேஷனுக்கு மேலே ஒரு பறங்கி நோனா, வெள்ளைக்காரக் கலப்பில் வந்த அம்மா, இருந்தார். தனி ஆள், வீடு நிறைய நாய்கள். நாய் வாங்கப் போனவர்களை அவர் பெண் பார்க்க வந்தவர்களைப் போலத்தான் நடத்துவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நேரில் அதைவிட மோசம். எங்களை நிற்க வைத்தே கேள்வி கேட்டார். வீட்டில் எத்தனை பேர், வேலி உண்டா, மழை எப்படி, நாய்க்கு யார் சோறு வைப்பது, பகலில் யார் வீட்டில் இருப்பது. என் கணவர் பரீட்சைக்குப் பதில் சொல்லும் பிள்ளையைப் போலச் சொன்னார். நான் அதற்குள் அங்கே இருந்த நாற்காலி, பூச்சாடி, திரைச்சீலை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

நோனா ஒவ்வொரு சாதியாகச் சொன்னார். உடம்பு நீண்டு கால் குட்டையான ஒன்று காலடியில் வந்து மோந்தது. "இது உங்களுக்குச் சரிவராது. வயிறு தரையில படுது இல்ல? தோட்டத்து அட்டை எல்லாம் வயித்துல தொங்கும்." பஞ்சுப்பொதி மாதிரி வெள்ளையாக ஒன்று. "இதோட முடி சீவ ஆள் வேணும். ஒரு எடத்துல உக்கார்ற ஆள்." அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். "அல்சேஷனுக்கு ஒரே எஜமான்தான். வீட்டுல ஒரு குரல்தான் கேக்கணும். ஒங்க வீட்டுல யாரு குரல் கேக்கும்?"

என் கணவர் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டார்.

"இந்த நோனா இருக்கிற வீட்டுல நாய்க்குப் பைத்தியம் பிடிக்கும்" என்றார் அந்த அம்மா என்னைக் காட்டி, முடிவாக. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

சுவரில் கண்ணாடி போட்டு ஒரு படம் தொங்கியது. செம்மண் நிறத்தில் உயரமான ஒரு நாய். முதுகெலும்பு நெடுக முடி மட்டும் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, சீப்பு வைத்து மாற்றி வாரியது போல நின்றது. அது ஆப்பிரிக்காவில் உள்ள சாதியாம். சிங்க வேட்டைக்குக் கூட்டிப் போவார்களாம். சாவதற்குள் அதில் ஒன்றை வளர்க்க வேண்டும் என்று நோனாவுக்கு ஆசை. ஆனால் படத்தில் தவிர தான் அதைக் கண்ணால் கண்டதில்லை, இந்த நாட்டில் யாரிடமும் இருப்பதாகத் தெரியாது என்றார். அவர் அப்படிச் சொன்னபோது முதல்முறையாக எனக்கு அவரைப் பிடித்தது. கடைசியில், என் கணவரின் முகத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன், அல்சேஷன் கலப்புக் குட்டி ஒன்றைப் பால் மறந்த பிறகு தருவதாக ஒப்புக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் இவர் குட்டிக்கு ஒரு இங்கிலீசுப் பெயர்கூட யோசித்து வைத்துவிட்டார்.

குட்டி பால் மறப்பதற்குள் மேல் டிவிசனில் வெறிபிடித்த ஒரு விசர்நாய் பசுமாட்டைக் கடித்துவிட்டது. மாடு நுரை தள்ளிச் செத்தது. அடுத்த நாள் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் முன்னால், துரையின் கட்டளையைக் கணக்கப்பிள்ளை உரக்கச் சொன்னார். லயங்களில் இனி ஒரு நாயும் இருக்கக்கூடாது. வருகிற சனிக்கிழமை காவல்காரர் நாய்களைச் சுடத் துவக்கோடு வருவார். குவாட்டர்ஸில் உள்ளவர்கள் வீட்டுக்கு ஒரு நாய் வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் பட்டியும் சங்கிலியும் வேண்டும். சாதி நாயாகவும் இருக்க வேண்டும். லயத்து நாய்தான் நோய் பரப்புகிறது என்பது துரையின் எண்ணம். பிறகு தானே வந்து வீடு வீடாகப் பார்ப்பாராம்.

அன்று மத்தியானத்திலிருந்தே எங்கள் பின்வாசலுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தி நாயைச் சேலை முந்தானையால் கட்டி இழுத்து வந்தாள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒரு பெரியவர் கம்பளிக்குள்ளிருந்து ஒரு குட்டியை எடுத்துக் காட்டினார். "நம்ம வூட்டு நாயின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா. சோறு நாங்க கொண்டாந்து வச்சிர்றோம்." ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான் என்று நான் சொல்லச் சொல்ல என் வாய் கசந்தது. எல்லோரும் வந்தார்கள். அக்கா மட்டும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அடுப்பில் கிழங்கு கரிந்த வாசம் வந்த பிறகுதான் நான் வேலியருகே நின்று கீழ்ப் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

பொறுக்க முடியாமல் நானே இறங்கிப் போனேன். அவள் காம்பரா வாசலில் உட்கார்ந்து நாய்க்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள். செவலை நிறம், ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி. அதற்குப் பெயரெல்லாம் இல்லை. "டேய்" என்றால் வரும். சம்பளநாள் ஒன்றில் தவறணையிலிருந்து குடித்துவிட்டு வந்த ஒருவன் அக்காவின் கதவைத் தட்டியபோது இந்த நாய்தான் பாய்ந்தது. அவன் கவ்வாத்துக் கத்தியால் வீசினான். முதுகு நெடுக ஒரே வெட்டு. அக்கா மஞ்சளும் கோப்பித்தூளும் அப்பி அதைப் பிழைக்க வைத்தாள். அதன் பிறகு அவள் கதவை எவனும் தட்டியதில்லை. மற்றப் பெண்கள் தனியாக இருக்கப் பயப்படும் அந்தக் கடைசித் தொங்கல் காம்பராவில் அவள் தாழ்ப்பாள்கூட ஒழுங்காகப் போடாமல் தூங்கினாள்.

"ஏன்க்கா வரல?" என்றேன்.

"வந்து என்னத்தச் சொல்ல? கிளாக்கரய்யாவுக்குச் சாதி நாயி வருதாமே."

"குட்டி இன்னும் வரல. நீ வாயத் தொறந்து கேட்டா என்ன?"

"கேட்டா நீ அவருகிட்டச் சண்ட போடுவ. வேணாம்."

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. துரை மேலா, பசுமாட்டைக் கடித்த நாய் மேலா, கேட்கத் தெரியாத இவள் மேலா. "கயிறக் குடு" என்று கத்தினேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கயிறு கொண்டுவந்து அவளே அதன் கழுத்தில் கட்டி, முனையை என் கையில் கொடுத்தாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. எங்கேயோ உலாத்தக் கூட்டிப் போகிறேன் என்று நினைத்துவிட்டது.

சாயங்காலம் என் கணவர் முற்றத்தில் அதைப் பார்த்துவிட்டு ஒரு தரம் சுற்றி வந்தார்.

"இது தெரு நாயி. தொரைக்குப் பாத்தவொடன தெரிஞ்சிரும். என் வேல போயிரும்."

"வேல போனா நான் கூடை தூக்குறேன்."

"சும்மா வாய்க்கு வந்ததப் பேசாத." அவர் குனிந்தார். முதுகில் இருந்த தழும்பை விரலால் தொட்டார். அந்தக் கதை அவருக்கும் தெரியும். "நோனாகிட்டச் சொல்லி வச்சிருக்கமே..." என்று இழுத்தார். ஜீப்பில் போகும் அல்சேஷன் அவர் கண்ணிலிருந்து இறங்கிப் போவதை நான் பார்த்தேன். பாவமாக இருந்தது. "பாப்போம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் சம்மதம் கிடையாது.

ஆனால் நாயைக் கேட்காமல் நாங்கள் முடிவு செய்துவிட்டோம். அன்று இரவே கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடிவிட்டது. விடியுமுன் அக்கா அதைக் கூட்டிவந்து வேலியில் கட்டிவிட்டு வேலைக்குப் போனாள். மறுநாள் மறுபடி ஓடியது. சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் போவேன், வெளியே வருவேன், கயிற்றை இழுத்துப் பார்ப்பேன். சனிக்கிழமை அது லயத்தில் இருந்தால் தீர்ந்தது கதை.

வெள்ளிக்கிழமை அது மூன்றாம் முறை ஓடியபோது நானும் பின்னாலேயே ஓடினேன். லயத்து வாசலில் அக்கா நின்றிருந்தாள். நாய் காதை மடக்கி, உடம்பை நெளித்து, நிலத்தோடு தேய்த்துக்கொண்டு அவளிடம் போனது. அவள் குனிந்தாள், தடவிக் கொடுக்கப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன், அதுவும் நினைத்தது. அவள் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள்.

"போ! மேல போ! இங்கிட்டு வராத!"

நாய் சற்றுத் தள்ளி நின்று பார்த்தது. விளையாட்டு என்று நினைத்து வாலை ஒரு தரம் ஆட்டியது. அவள் இன்னொன்று எறிந்தாள். லயமே வாசலில் வந்து நின்றது. நாய் என் சேலைக்குப் பின்னால் வந்து நின்றதும் அக்கா என்னைப் பார்த்து, "இனி நீயும் இங்க வராதடி. ஒன் மேல என் வாசம் பட்டா இது திரும்ப எறங்கி வரும். நானும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் துவக்குச் சத்தம் கேட்டது. மலைக்கு மலை மோதி, ஒவ்வொரு வெடியும் இரண்டாகக் கேட்டது. நாய் எங்கள் கட்டிலுக்கு அடியில் நடுங்கியபடி கிடந்தது. நானும் தரையில் உட்கார்ந்து அதன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். கம்பளிக்குள் இருந்த அந்தக் குட்டியின் முகம் திரும்பத் திரும்ப வந்தது.

அடுத்த வாரம் சிவப்புச் சவர்க்காரம் போட்டு நாயைக் குளிப்பாட்டினேன். லயத்து வாசம் போக வேண்டும் என்று தேய்த்த தேய்ப்பில் அது என்னைச் சபித்திருக்கும். வெயிலில் காய்ந்த பிறகு பார்த்தேன்: தழும்பின் இரண்டு பக்கமும் முடி எதிர்ப்பக்கமாகத் திரும்பி, முதுகு நெடுக ஒரு கோடாக எழும்பி நின்றது. பறங்கி நோனா வீட்டுச் சுவரில் தொங்கிய படம் கண்முன் வந்தது. நான் முற்றத்தில் தனியாக நின்று சிரித்தேன். உள்ளே போய்ச் சொன்னதும் என் கணவருக்கு வேர்த்துவிட்டது.

"அடிப்பாவி! ஆப்பிரிக்காவா?"

"பின்ன, அல்சேஷன்னா தொரைக்குத் தெரியும். அவருக்குத் தெரியாத சாதியாச் சொன்னாத்தான் தப்பிக்கலாம்."

துரை வந்த நாள் காற்று பேயாக அடித்தது. காற்சட்டையும் நீண்ட காலுறையும் போட்டு, கையில் பிரம்போடு வந்தார். என் கணவர் நாயின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் யோசித்து வைத்த அந்த இங்கிலீசுப் பெயரைச் சொல்லி அழைத்தார். நாய் காதைச் சொறிந்தது. இன்னொரு தரம் அழைத்தார். அது கொட்டாவி விட்டது. துரை என்ன சாதி என்று கேட்டார். இவர் வாய் திறந்து திறந்து மூடியது. நான் முன்னால் போய் நின்றேன்.

"ஆப்பிரிக்கா நாயிங்க தொரை. சிங்கம் வேட்டையாடுற சாதி. முதுகுல முடி மாறி மொளச்சிருக்கும், பாருங்க. பண்டாரவளையில நாய் வளக்குற பறங்கி நோனா காட்டின சாதிங்க."

துரை குனிந்து பார்த்தார். பிரம்பின் நுனியால் அந்த முடிக் கோட்டை மெல்லத் தடவினார். பிறகு அவர் நிமிர்ந்து என் கணவரிடம் இங்கிலீசில் சொன்னார்: தெரியும், கொழும்பில் ஒரு நண்பர் வீட்டில் இதே மாதிரி இரண்டு பார்த்திருக்கிறேன், ஆனால் இது கொஞ்சம் சின்னது. தெரியாது என்று சொன்னால் துரைத்தனம் குறைந்துவிடும் அல்லவா? "யெஸ் சார், சின்னதுதான் சார்" என்று என் கணவர் இரண்டு பாஷையிலும் ஒப்புக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில் மேல்பாதையில் பேச்சுக்குரல் கேட்டது. மத்தியானக் கொழுந்து நிறுக்கப் பெண்கள் கூடையோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வழக்கமாக அவர்கள் கீழ்ப் பாதையில்தான் போவார்கள். அங்கே மண் சரிந்து கிடந்ததால் கங்காணி இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். வரிசையின் நடுவில் அக்கா. எங்கள் வாசலில் துரை நிற்பதைக் கண்டதும் கம்பளியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நடந்தாள். காற்று அவள் பக்கமிருந்து எங்கள் பக்கமாக அடித்தது.

நாய் எழுந்து நின்றது. மூக்கைத் தூக்கியது. பிறகு ஒரு முனகல். என் கணவரின் கையிலிருந்து சங்கிலி உருவிக்கொண்டு போனதே தெரியவில்லை. வாசல் படியைத் தாண்டிப் பாதைக்குப் போய்விட்டது. அது அவள் காலடியில் விழுந்து, நக்கி, புரண்டு ஒரு கணம் காட்டிவிட்டால் போதும். ஆப்பிரிக்கா அங்கேயே முடிந்துவிடும். அந்த வரிசையில் வந்த எல்லோருக்கும் அது யாருடைய நாய் என்று தெரியும். அதில் பாதிப் பேர் சனிக்கிழமை தங்கள் நாயைப் பறிகொடுத்தவர்கள். ஒருத்தி வாயைத் திறந்தாலும் போதும். ஒருத்தியும் திறக்கவில்லை.

அக்கா குனிந்து பாதையிலிருந்து கல்லை எடுத்தாள். மண்ணாங்கட்டி இல்லை, கல். வீசினாள். நாய் வீலென்று கத்தியது. மூன்று காலில் ஓடி வந்து எனக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது.

"நாயக் கட்டிப் போடுங்கம்மா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். "கூலியாளுங்க நடக்குற பாதையில இப்படி அவுத்து விட்டா எப்படிங்கம்மா? ஆளு மேல பாயுதுங்க!"

குரலில் ஒரு பிசிறு இல்லை. பாதையில் போகும் எவளோ ஒருத்தி கிளாக்கர் பெண்டாட்டியிடம் பேசுகிற குரல். நான் குனிந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். துரைக்கு மட்டும் பரம திருப்தி. நல்ல காவல் நாய், லயத்து ஆளைக் கண்டால் விடாது போலிருக்கிறது என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். வரிசை நகர்ந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நாய் பிறகு பல வருடம் எங்களோடு இருந்தது. பன்றியை ஒருநாளும் விரட்டியதில்லை. பன்றி வந்தால் குரைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். குட்டி தயாராக இருப்பதாகப் பறங்கி நோனா சொல்லியனுப்பியபோது என் கணவர் தானே போய், வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தத் துரை மாற்றலாகிப் போகும்வரை அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் கால் வைக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது, துரை வந்து போன அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததை.

போகக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தும் போனேன். இருட்டிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே இறங்கினேன். கல்லை எடுத்தாயே, மண் கிடைக்கவில்லையா? என்னைப் பார்த்து அம்மா என்றாயே, உனக்கு எப்படி வாய் வந்தது? கேட்டே தீர்வது என்று போனேன். அவள் காம்பரா வாசற்படியில், வழக்கமாக நாய் படுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கூடை பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

நான் கேட்பதற்குள் அவள் கேட்டாள். "எங்கடி பட்டுச்சு?"

"பின்னங்காலு."

"நொண்டுதா?"

"இப்ப நல்லா நடக்குது. கஞ்சி குடிச்சிருச்சு."

அவள் வலது கையை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். "பக்கத்துல விழணும்னுதான்டி பாத்துப் போட்டேன். கையி சொன்னபடி கேக்கல" என்றாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொண்டுபோன கேள்விகள் ஒன்றும் வாயில் வரவில்லை. அவளே என் தலையைப் பார்த்து, "எண்ணெ வச்சு எத்தன நாளாச்சு? கிளாக்கரம்மான்னு பேரு, தலையப் பாரு" என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் உள்ளே போய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து, அந்த வாசற்படியில் வைத்தே என் தலையில் தேய்த்துவிட்டாள். கூந்தலை இழுத்துக் கட்டி முடித்ததும், "சரி, கெளம்பு. இருட்டுது. அவரு தேடுவாரு" என்றாள்.

நான் எழுந்து இறங்கினேன். அவள் உள்ளே போனாள். நாலடி நடந்து நின்றுவிட்டேன். உள்ளே எதையோ இழுக்கும் சத்தம். தாழ்ப்பாள் போட்டாள். பிறகு உலக்கையைக் கதவுக்குக் குறுக்கே வைத்து முட்டுக் கொடுத்தாள். அது சரியாக நிற்கவில்லை போலிருக்கிறது. எடுத்து மறுபடி வைத்தாள். அந்த வீட்டில் அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. உலக்கை நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மேட்டில் ஏறினேன்.